மூடிய வாறுகால்

கீழப்புளியடித் தெருவில் முதலில் எரியத் தொடங்குவது முப்பிடாதியம்மாளின் அடுப்பு. சாரல் காலத்தில் அது லேசில் பிடிக்காது. குற்றால மலையிலிருந்து கிளம்புகிற காற்று தெருவின் மேல்முனையில் நுழைந்து நேராக அவள் அடுப்பில்தான் வந்து முட்டும். தகரத்தை நிறுத்தி மறைத்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, அவள் இட்லிக் கொப்பரையை ஏற்றும்போது பால்காரர்கூட வந்திருக்கமாட்டார். வெளிச்சம் வந்ததும் பெஞ்சில் ஆள் உட்கார்ந்துவிடும். இட்லி, தேங்காய்ச் சட்னி, மிளகாய்ப்பொடி. வெயில் ஏறுகிற நேரத்துக்கு ரசவடை. அருவிக்குக் குளிக்கப் போகிற வேன்காரர்கள்கூட வழி கேட்டு வந்து ரசவடை வாங்கிப் போவார்கள்.

கடை என்றால் கட்டடம் கிடையாது. வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓடுகிற வாறுகாலின்மேல் போட்ட காங்கிரீட் தளம்தான் கடை. மழைத்தண்ணீர் போவதற்காக அந்த வாறுகாலை ஆழமாகத் தோண்டிக் கட்டியபோது, அவள் அடுப்பு போட்டிருந்த மண்தரை போய்விட்டது. வேலைக்கு வந்த காண்டிராக்டரோடு ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டாள். "வாறுகாலு என் வீட்டத் தேடி வந்துச்சா, நான் வாறுகாலத் தேடி வந்தனா?" என்று கேட்டாள். அவர் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு, கொத்தனாரை வைத்துக் கம்பி கட்டி, வீட்டு அகலத்துக்கும் ஒரே தளமாக வார்த்து மூடிவிட்டாள். மற்றவர்கள் வந்து பார்த்தார்கள். அடுத்த மழைக்குள் மேல்முனையிலிருந்து கீழ்முனைச் செண்பகம் மஹால் வரைக்கும் எல்லா வாசலும் மூடியாயிற்று. மேலே பைக் நிறுத்தினார்கள், செடித்தொட்டி வைத்தார்கள், துணி துவைத்தார்கள். கீழே ஒரு வாறுகால் இருப்பதே மறந்துபோயிற்று.

அவள் மருமகள் மாரிச்செல்விக்கு நகராட்சியில் கொசு ஒழிப்பு வேலை. தினக்கூலிதான். சேலைக்குமேல் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, தோள்பையில் டார்ச்சும் நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியும் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். தொட்டி, டிரம், பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்பக்கம், கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை எல்லாம் பார்ப்பாள். புழு இருந்தால் கொட்டச் சொல்வாள். கொட்ட முடியாத தண்ணீரில் மருந்து ஊற்றுவாள். சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் ஒரு டிரம்மைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டால், கவிழ்க்கிற வரைக்கும் அந்த வாசலை விட்டு நகரமாட்டாள். அவள் வருவது தெரிந்தாலே பாதிப்பேர் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள்.

ஆனி கடைசியில் தெருவில் காய்ச்சல் தொடங்கியது. முதலில் மேல்முனையில் ஒரு வீடு. பிறகு வரிசையாக. மேலெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, கண்ணுக்குப் பின்னால் குத்தல். ரத்தம் சோதித்தவர்களில் சிலருக்கு டெங்கு என்று வந்தது. சுகாதார ஆய்வாளர் எபனேசர் நேரில் வந்து தெருவை நடந்து பார்த்தார். வீடுகளில் எங்கும் புழு இல்லை.

"வீட்டுக்குள்ள இல்லன்னா வெளிய எங்கேயோ இருக்கும்மா. தேடிப் பாரு," என்றார்.

யாரிடமும் அனுமதி கேட்காமல் பார்க்கக்கூடிய இடம் மாரிச்செல்விக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாமியார் தளத்தின் ஓரத்தில், மேலே விழுகிற தண்ணீர் வடிவதற்காகக் கொத்தனார் விட்ட ஒரு ஓட்டை. அதில் டார்ச்சை அடித்தாள். கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. கரண்டியை இறக்கி மொண்டாள். வெள்ளைக் கரண்டிக்குள் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன.

முப்பிடாதியம்மாள் இட்லித் தட்டைக் கவிழ்த்துத் துணியை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, நம்ம வாறுகால்ல தண்ணி நிக்குது."

"சாரல் அடிச்சா நிக்கத்தான செய்யும்."

"ஓடணும்லா. ஓடாம நிக்குது. புழு மொய்க்குது. மழைத் தண்ணி, நல்ல தண்ணி. பகல்ல கடிக்கிற கொசு இதுலதான் முட்டை வைக்கும்."

"மருந்து வச்சிருக்கேல்லா, ஊத்து."

"எங்கன ஊத்த? இந்த ஓட்டைல ஊத்துனா இந்த எடத்தோட நிக்கும். தளத்த ஒடைச்சிட்டு, தூக்கி எடுக்க மாதிரி சின்னச் சின்ன சிலாப்பாப் போடணும். அப்பந்தான் அள்ளவும் முடியும், மருந்தும் அடிக்க முடியும்."

"யாரு வீட்டுத் தளத்த?"

"எல்லா வீட்டுதையும். நம்மளுதுல இருந்து ஆரம்பிக்கணும்."

முப்பிடாதியம்மாள் கையிலிருந்த துணியைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டாள்.

"ஏட்டி, ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? தளத்த ஒடைச்சா அடுப்ப எங்கன போட, ஒந்தலையிலயா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாரிச்செல்வி சிரிக்கவில்லை. கரண்டித் தண்ணீரை ரோட்டில் ஊற்றி, புழுக்களைச் செருப்புக்காலால் தேய்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்கே ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்.

"மொதல்ல ஒம் மாமியா தளத்த ஒடை தாயி. அவுகளப் பாத்துத்தான நாங்க போட்டோம்."

"ஒங்க வீட்டுல ஒடைக்க சத்தம் கேட்டா நாங்களும் கடப்பாரையத் தூக்குதோம்."

எதிர்வீட்டு ஹாஜரா பீவி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவள் வாசலுக்கே வரவில்லை. மகள் மெஹர் பானு பிரசவத்துக்காகக் கடையநல்லூரிலிருந்து வந்திருந்தாள். ஏழாம் மாதம். முந்தின நாளிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். ஜன்னல் வழியாக மாரிச்செல்வி பார்த்தபோது, ஹாஜரா பீவி ஈரத்துணியை மகள் நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் தட்டணு இறங்குகிறது, வயிற்றில் பிள்ளை வேறு இருக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் மாரிச்செல்வியின் புருஷன் பேச்சிராஜ் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். புளியங்குடி சந்தையிலிருந்து எலுமிச்சை மூட்டைகளை ஏற்றிவருவது அவனுக்கு நிரந்தர வேலை. சட்டையிலும் கையிலும் எப்போதும் எலுமிச்சை வாடை இருக்கும். அவன் கை கழுவி உட்காருவதற்குள் மாரிச்செல்வி சொல்லிவிட்டாள்.

"நாளைக்குத் தளத்த ஒடைக்கணும். சம்மட்டி ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"அம்மாட்ட கேட்டியா?"

"கேட்டேன். மாட்டேன்னுட்டாவ."

"பொறவு எங்கிட்ட என்னத்தக் கேக்கே? எங்கய்யா செத்ததுக்கப்புறம் அந்த அடுப்புதான் என்னய வளத்துச்சு. அத ஒடைன்னு எப்படிச் சொல்ல?"

"அடுப்ப ஒடைக்கச் சொல்லல. அடுப்புக்குக் கீழ இருக்கத."

"ரெண்டும் ஒண்ணுதான் அவளுக்கு."

"எதிர்வீட்டுப் பிள்ள வயித்துப் பிள்ளையோட ஆஸ்பத்திரில கெடக்கா. நான் ஊரெல்லாம் போயி டிரம்மக் கவுருங்கன்னு சொல்லுதேன். என் வாசல்ல வளத்து வச்சிருக்கேன். இந்தக் கோட்டப் போட்டுட்டு நாளைக்கு எவ வீட்டுக்குப் போக? நீங்களே சொல்லுங்க."

பேச்சிராஜ் தட்டில் வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சுவருக்கு அந்தப்பக்கம் உளுந்து அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர் சத்தம் நின்றிருந்தது. முப்பிடாதியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் எதுவும் நடக்காதது மாதிரி கடை போட்டாள். கூட்டம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கொத்துவேலைக்காரர், வேலைக்குக் கிளம்பிய மாரிச்செல்வியை நிறுத்தினார்.

"புழு புழுங்கியே, எங்க காட்டு பாப்போம். ஒரு நா கூட நாங்க பாத்ததில்ல."

மாரிச்செல்வி ஓட்டையில் கரண்டியை விட்டு மொண்டு நீட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். கொத்துவேலைக்காரர் இலையில் பாதி இட்லி இருந்தது. அதை மடித்துத் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்தார். ஒருவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெஞ்சு காலியாகிவிட்டது. கொப்பரையிலிருந்து ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டெல்லா," என்றாள் முப்பிடாதியம்மாள். சத்தம் போடவில்லை. அது மாரிச்செல்விக்குச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"கேட்டாவ, காட்டுனேன்."

"இனி எங்கிட்ட பேசாத."

அன்றைக்கு மீந்த இட்லியை முப்பிடாதியம்மாள் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு தூக்குச்சட்டியில் அடுக்கினாள். இன்னொன்றில் கஞ்சி ஊற்றினாள். புடவையை மாற்றிக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, திருநெல்வேலி பஸ் ஏறிவிட்டாள். எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்தாள். முகம் கழுவிவிட்டு அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்தாள். மாரிச்செல்வி காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன்," என்றாள் முப்பிடாதியம்மாள், காப்பியைப் பார்த்து.

மாரிச்செல்வி நின்றாள்.

"அந்தப் பிள்ள கையில ஊசி குத்துன எடமெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு. வாயத் தொறந்து ஒரு வாய் கஞ்சி குடிக்க முடியல. ஹாஜரா என்னயப் பாத்து ஒரு வார்த்த சொல்லல. எப்படி வந்த, பஸ் கெடச்சுதான்னு கேட்டா. திட்டியிருந்தான்னா எனக்கு நல்லாருந்திருக்கும்."

காப்பியை எடுத்துக் குடித்து முடித்தாள்.

"நாளைக்கு ஒடைச்சிரு. வெயிலேறுன பொறவு. தெருவுல எல்லாரும் முழிச்சிருக்கணும். ஒடைக்க சத்தம் கேட்டா கடப்பாரையத் தூக்குதேன்னு சொன்னாவல்லா. எவன் தூக்குதான், எவன் தூக்கலன்னு நான் பாக்கணும்."

பேச்சிராஜ்தான் முதல் அடி அடித்தான். சம்மட்டி காங்கிரீட்டில் பட்டுத் தெறித்தது. அவள் நன்றாகத்தான் கம்பி கட்டியிருந்தாள். அவன் அடிக்க, மாரிச்செல்வி கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். முப்பிடாதியம்மாள் பெஞ்சை ரோட்டில் இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனால், "என்ன, கடப்பாரையத் தேடிப் போறீயளா? இல்லன்னா இங்கன இருக்கு, தாரேன்," என்பாள். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு வீடுகளில் சத்தம் கேட்டது. மறுநாள் பாதித் தெரு. அந்த வாரம் முடிவதற்குள் தெரு முழுக்கக் கல்லும் கம்பியுமாகக் கிடந்தது. துப்புரவுப் பணியாளர்கள் வந்து சகதியை அள்ளிக் குவித்தார்கள். பாலித்தீன் பை, ஷாம்பு பாக்கெட், ஒரு குழந்தையின் செருப்பு. மாரிச்செல்வி தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வாறுகால் நீளத்துக்கும் மருந்து அடித்தாள்.

ஆனால் சாரல் மறுபடி அடித்தபோது தண்ணீர் மறுபடி நின்றது.

முப்பிடாதியம்மாள்தான் முதலில் கவனித்தாள். எச்சில் இலை ஒன்று காற்றில் பறந்து வாறுகாலில் விழுந்தது. அது போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டு கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் அதே இடத்தில் கிடந்தது.

"ஏட்டி, இங்க வா. ஓடல பாரு."

இரண்டு பேரும் வாறுகால் ஓரமாகவே கீழ்முனைக்கு நடந்தார்கள். போகப் போக தண்ணீர் ஆழமாக இருந்தது. கீழ்முனையில் செண்பகம் மஹால், கல்யாண மண்டபம். அதன் வாசலில் லாரி ஏறுகிற அகலத்துக்கு ஒரு சரிவுத் தளம், மேலே பளபளவென்று டைல்ஸ். வாறுகால் அதற்குள் நுழைந்தது. அந்தப்பக்கம், சிற்றாற்றுக்குப் போகிற பெரிய ஓடையில், வாறுகாலின் வாய்க்குள் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

எபனேசர் நீளக் கம்பியோடு ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். கம்பியை உள்ளே விட்டுக் குத்திப் பார்த்தார்கள். ணங் என்று முட்டியது.

"சமையல் லாரி ஏறி தளம் இறங்காம இருக்கதுக்கு உள்ள ஜல்லியக் கொட்டி அடைச்சிருக்காங்க," என்றார் எபனேசர். அன்றைக்கே நோட்டீஸ் கொடுத்தார். ஆனால் மஹால்காரருக்குச் சட்டப்படி அவகாசம் கொடுக்கவேண்டும். அவர் ஆவணி முடியட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மஹால் பலவேசம் அண்ணாச்சியுடையது. புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருக்கிறவர். பேச்சிராஜ் ஏற்றுகிற மூட்டைகள் எல்லாம் அவருடையவைதான். அவர் ஆள் விட்டுக் கூப்பிட்டதால் பேச்சிராஜ் போனான். மாரிச்செல்வியும் கூடப் போனாள். அவளை அவர் கூப்பிடவில்லை. அண்ணாச்சி மஹாலின் முன்னறையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க. பேச்சிராசு, ஒம் பொண்டாட்டி நல்லா வேல செய்யுதா. நான் கொற சொல்லல. ஆனா ஆவணி பூராம் முகூர்த்தம் கெடக்கு. வாசலத் தோண்டிப் போட்டா, பொண்ணு மாப்ள தாண்டிக் குதிச்சா உள்ள வருவாவ?"

"அண்ணாச்சி, ஆடில முகூர்த்தம் இல்ல. இப்பவே தோண்டிரலாம்," என்றாள் மாரிச்செல்வி.

"ஆடில ஆள் கெடைக்கல தாயி."

"எங்க தெருவுல ஆள் இல்லாமலே ஒடைச்சோம்."

அண்ணாச்சி முறுக்கைத் தட்டில் வைத்தார். "ஒங்க தளமும் என் தளமும் ஒண்ணா?"

"தண்ணிக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி."

அவர் அவளைப் பார்க்காமல் பேச்சிராஜைப் பார்த்தார். "நாளையில இருந்து லோடுக்கு வேற வண்டி சொல்லியிருக்கேன் பேச்சிராசு. கொஞ்ச நாளைக்கு. கோவிச்சுக்கிடாத."

வெளியே வந்ததும் பேச்சிராஜ் நடந்துகொண்டே சொன்னான்: "நல்லாப் பேசிட்டே. திருப்தியா?"

"எனக்கு என்ன திருப்தி? நீங்க ஒரு வார்த்த பேசியிருந்தா நான் பேசியிருக்க மாட்டேன்."

"அவரு சோறு போடுதவரு."

"நீங்க மூட்ட தூக்குதீய, அதுக்குத் தாராவ. சோறு அத்தைதான் போடுதாவ."

அவன் வேகமாக நடந்து முன்னால் போய்விட்டான். அடுத்த சில நாள்கள் வண்டி வாசலிலேயே நின்றது. முப்பிடாதியம்மாள் வீட்டுக்குப் பின்னால் முற்றத்தில் அடுப்பு போட்டுப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்து கொல்லை வரைக்கும் வந்து இட்லி தின்ன ஆள் இல்லை. சுட்டதில் பாதியை வீட்டிலேயே தின்றார்கள். வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்தார்கள். அந்த நாள்களில்தான் மெஹர் பானு வீட்டுக்கு வந்தாள். தட்டணு ஏறிவிட்டது, வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஆளே பாதியாக இருந்தாள். முப்பிடாதியம்மாள் ஓடிப்போய் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். ஹாஜரா பீவி வாறுகாலைக் காட்டி, "தண்ணி இன்னும் நிக்குதே முப்பிடாதி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது முப்பிடாதியம்மாள் கேட்டாள்: "ஆவணில மொத முகூர்த்தம் என்னைக்கு?"

"யாருக்குத் தெரியும்? எதுக்கு?" என்றான் பேச்சிராஜ்.

"காலண்டரப் பாத்துச் சொல்லு."

அந்த முகூர்த்த நாளில் செண்பகம் மஹால் வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழை கட்டியிருந்தது. சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. விடிந்தும் விடியாமலும் நாகஸ்வரக்காரர்கள் வந்து இறங்கும்போது, சரிவுத் தளத்தில் ஓரமாக ஒரு அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. மூன்று பக்கமும் தகரம். மேலே இட்லிக் கொப்பரை. முப்பிடாதியம்மாள் முக்காலியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹாஜரா பீவி வாழை இலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேன் ஓடிவந்து சொல்லிப் பார்த்தான். மேனேஜர் வந்தார். பிறகு அண்ணாச்சியே வந்தார். பட்டுச் சட்டை போட்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"கடை அண்ணாச்சி."

"இங்கன எதுக்குக் கடை போட்டிருக்கே?"

"என் வாசல ஒடைச்சாச்சு. வாறுகாலு தொறந்து கெடக்கு. தண்ணி ஓடுனாத்தான் மேல சிலாப்பு போடணும்னு எம் மருமவ சொல்லிட்டா. அதுவரைக்கும் எனக்கு எடம் வேணும்லா. ஒங்க வாசல் நல்ல அகலமா இருக்கு. கீழ உறுதியாவும் இருக்கு."

"போலீசக் கூப்புட வேண்டியிருக்கும்."

"கூப்புடுங்க. இட்லி சூடா இருக்கும்போதே வரச் சொல்லுங்க."

"கல்யாணக் கூட்டம் வருது. வழிய மறிக்கியே."

"எங்க மறிச்சேன்? பொண்ணு மாப்ளைக்கு முக்காவாசி வாசல் விட்டிருக்கேன். நல்லாருக்கட்டும். நான் அதுக ரெண்டையும் ஒண்ணும் சொல்லல."

தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் இலை கேட்டார்கள். உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டே தின்றார்கள். அன்றைக்குப் பாதி இட்லியோடு எழுந்துபோன கொத்துவேலைக்காரரும் வந்திருந்தார். அப்போது ஒரு லோடு ஆட்டோ ரிவர்ஸில் வந்து தளத்தில் ஏறி நின்றது. பேச்சிராஜ் இறங்கினான். அண்ணாச்சி அவனைப் பார்த்து, "ஏலே பேச்சிராசு, ஒங்கம்மாவுக்குச் சொல்லு," என்றார். பேச்சிராஜ் வண்டியின் பின்கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து பெஞ்சை இழுத்து அம்மாவின் அடுப்புக்கு எதிரே போட்டான். ஆடாமல் இருக்கிறதா என்று கையை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"உக்காந்து சாப்புடுங்க," என்றான் நின்றவர்களிடம்.

வேலைக்குப் போகிற வழியில் மாரிச்செல்வி நீலக் கோட்டோடு வந்து சேர்ந்தாள். அண்ணாச்சி நேராக அவளிடம் போனார்.

"நீ கவர்மெண்டு வேல பாக்கவ. ஒம் மாமியாவ எந்திரிக்கச் சொல்லு. இல்லன்னா ஒன் வேலையப் பத்தி நான் பேச வேண்டியிருக்கும்."

"பேசுங்க அண்ணாச்சி. ஆனா நான் சொல்லி எங்கத்த எதையும் கேட்டதில்ல. நீங்க அடைச்சத எடுக்கேன்னு சொல்லுங்க. அவுகளே எந்திரிப்பாவ."

பெண்ணின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வீரகேரளம்புதூர்க்காரர், கழுத்தில் மாலையோடு நின்றார். என்ன விஷயம் என்று கேட்டார். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் ஹாஜரா பீவி சொல்லிவிட்டாள். மகளுக்கு வந்தது, வயிற்றுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது, தெரு முழுக்க உடைத்தது, இங்கே மட்டும் அடைத்திருப்பது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார்.

"நேத்து மத்தியானத்துல இருந்து எங்க பிள்ளையெல்லாம் ஒங்க ரூம்லதான் கெடக்கு. கொசு புடுங்கி எடுக்குதுன்னு பொண்ணே சொன்னா. கொசுவத்தி வாங்கி வச்சோம். நீங்க தண்ணிய அடைச்சு வச்சிட்டா எங்களுக்கு மஹாலக் குடுத்தீய?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நோட்டீசுக்குப் பதில் குடுத்திருக்கேன். ஆவணி முடிஞ்சதும்..."

"ஆவணி முடிஞ்சதும் எம் பொண்ணு அவ வீட்டுல இருப்பா. இப்ப இங்க இருக்கா."

அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் தின்பதை நிறுத்தாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாகஸ்வரம் தொடங்கிவிட்டது.

"சரி. திங்கக்கிழமை ஆள் விடுதேன். எந்திரி," என்றார்.

"அப்ப திங்கக்கிழமை எந்திரிக்கேன்," என்றாள் முப்பிடாதியம்மாள். இட்லித் தட்டைக் கவிழ்த்தாள். "அண்ணாச்சி, ஒங்களுக்கு வைக்கவா?"

அவர் உள்ளே போய்விட்டார். பெண்ணின் அப்பா ரசவடை உண்டா என்று கேட்டார். இன்னும் நேரம் ஆகும் என்றாள். கல்யாணம் அதன் நேரத்துக்கு நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வரும்போது முப்பிடாதியம்மாள் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாளும் வந்து அடுப்பு பற்றவைத்தாள். முகூர்த்தம் இல்லாத நாளிலும் வந்தாள். வேன்காரர்கள் விசாரித்துக்கொண்டு மஹால் வாசலுக்கே வந்தார்கள். வழக்கமான வியாபாரத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது.

திங்கட்கிழமை காங்கிரீட் உடைக்கிற மெஷின் வந்தது. எபனேசர் வந்து ஓரமாக நின்றுகொண்டார். டைல்ஸ் சிதறியது. கீழே ஜல்லியும் சிமெண்டும் இறுகிக் கிடந்தன. ஆட்கள் மதியம் வரைக்கும் குடைந்தார்கள். தெரு முழுக்க வந்து நின்றது. மெஹர் பானு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிக் கட்டியை நெம்பி எடுத்ததும், தேங்கிக் கிடந்த தண்ணீர் ஒரு கணம் யோசிப்பது போல நின்றது. பிறகு கறுப்பாக, குப்பையோடு, இரைந்துகொண்டு புரண்டு போயிற்று. மேல்முனையிலிருந்து தண்ணீர் இறங்கி வருகிற சத்தம் ஒவ்வொரு வாசலாகக் கேட்டது. மாரிச்செல்வி வாறுகால் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் முகத்தில் இறுக்கம் விட்டிருந்தது.

முப்பிடாதியம்மாள் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்ப அந்தப் புழுவெல்லாம் எங்கன போவும்?"

"சிற்றாத்துக்கு அத்த. மீன் திங்கும்."

"திங்கட்டும்."

முப்பிடாதியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த தெருவுல எவன் அடைச்சு வச்சிருக்கான்னு சொல்லு. அங்கன வாசல் அகலமா இருக்கா?"